லேசாப் பிடி, ஆத்தா

பலப்பத்தை அவர் உளி பிடிப்பது போலத்தான் பிடிப்பார். சிலேட்டில் வைத்து ஒரு கோடு இழுப்பதற்குள் அது இரண்டாக ஒடிந்துவிடும். ராத்திரிக்கு நாலு பலப்பமாவது போகும். கல் குவாரியில் இருபது வருஷம் சம்மட்டி தூக்கிய கை. அதற்கு மெதுவாகப் பிடிக்கிற பழக்கம் ஏது? "பெரியக்கா, லேசாப் பிடிங்க. அது எங்கயும் ஓடிப்போகாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். 1991-ஆம் வருஷம், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் சாவடித் திண்ணை, ஓர் அரிக்கேன் விளக்கு. எனக்கு 26 வயது. எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது பெண்களில் ஏழு பேர் என்னைவிட மூத்தவர்கள்.

அந்தத் திண்ணைக்கு நான் வந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் காய்ச்சலில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. மூன்று வயது மகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுப்படி, கொல்லை, மாட்டுக்கொட்டகை. அதைத் தாண்டித் தெருவில் கால் வைத்தால், எதிரே வருகிற ஆள் நின்று, வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். சகுனம். அதைத் தப்பென்றுகூட நான் அப்போது நினைக்கவில்லை. நானும் அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள்தானே.

ஒரு சாயந்தரம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "பத்தாவது படிச்ச பிள்ளை ஒண்ணு இந்த வீட்டுல இருக்காமே, தாயி?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இருக்கு சார். ஆனா அது வெளிய வராது."

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 1981-ல் பத்தாவது தேறிய சான்றிதழ் டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் கிடந்தது. பத்து வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை. வெளியே வந்து, என்ன வேலை என்று கேட்டேன். ராத்திரியில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டும், சம்பளம் கிடையாது என்றார். சரி என்றேன். அன்றைக்கு எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். என்னிடம் இருக்கிற ஒன்று இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது என்று தெரிந்தது. வாசல்படி தாண்ட அது போதுமானதாக இருந்தது.

அறிவொளி இயக்கம் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. 1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை அடுத்த வருஷம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. மாவட்ட நிர்வாகம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், என்னைப் போலப் பாதியில் நின்றவர்கள் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் சேர்ந்தார்கள். கலைக்குழுக்கள் தெருவில் நாடகம் போட்டன. வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வகுப்புக்கு வந்தார்கள்.

எங்கள் ஊர் குடுமியான்மலைப் பக்கம். அந்தக் குன்றில் ஏறக்குறைய 1,300 வருஷத்துக்கு முந்தைய இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வரிவரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதே வட்டாரத்தில் பகல் முழுக்கக் கல்லுடைத்த பெண்களுக்குக் கூலிச் சீட்டில் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கணக்குப்பிள்ளை காட்டுகிற இடத்தில் பெருவிரலை வைப்பார்கள். பெரியக்கா 45 வயதில் வகுப்புக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். "எம்புட்டுக்குக் கைநாட்டு வைக்கிறேன்னு எனக்குத் தெரியணும்ல."

எழுத்துக்குப் பிறகு சைக்கிள் வந்தது. மினி பஸ் எல்லாம் வராத காலம். எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயந்தரம் ஒரு பஸ். அதை விட்டால் அப்பாவோ அண்ணனோ சைக்கிளின் கேரியரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கையெழுத்துப் போடக் கற்றவள் அந்தக் கையெழுத்தைப் போட வங்கிக்குப் போக ஓர் ஆணுக்காகக் காத்திருந்தால், படித்தது பாதிதான். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண் தொண்டர்கள் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று தொடங்கியதை, கற்க வந்த எல்லாப் பெண்களுக்குமாக விரித்தார். பெண்களுக்குச் சைக்கிள் கடன் கொடுக்க வங்கிகளை உள்ளே இழுத்தார். ஒன்றியம் ஒன்றியமாகப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். முத்து பாஸ்கரன் என்ற அறிவொளித் தொண்டர் சைக்கிளைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அது மாவட்டம் முழுக்கக் கேட்டது.

பெரியக்கா தன் மகனுடைய சைக்கிளில் மூன்றே நாளில் கற்றுக்கொண்டார். "கல்லு மேல விழுந்து எந்திரிச்சவளுக்கு மண்ணு மேல விழ என்னடி பயம்?" எனக்கு விழுவதுகூடப் பயமில்லை. எல்லோரும் பார்ப்பார்களே என்பதுதான் பயம். பூ வைக்காத, பொட்டு வைக்காத ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினால் ஊர் என்ன சொல்லும்? வகுப்பில் என்னை 'டீச்சரம்மா, நீங்க' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற பெரியக்கா, சாவடி தாண்டினால் 'ஆத்தா, நீ' என்று மாறிவிடுவார். ஒருநாள் வகுப்பு முடிந்து வரும்போது, "நீ எனக்கு எழுத்துச் சொல்லிக்குடுக்கிற. நான் உனக்குச் சைக்கிள் சொல்லிக்குடுக்கிறேன். கணக்கு நேராயிரும்" என்றார்.

விடிவதற்கு முன்னால் வறண்ட கண்மாய்க்குள் அழைத்துப் போனார். நான் ஹேண்டில்பாரை விரல் வெளுக்கப் பிடித்திருந்தேன். ஏறினேன், விழுந்தேன். மறுபடி ஏறினேன், முட்டி பெயர்ந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது அவர் தூக்கிவிட வரவில்லை. கரை மேல் நின்றபடி சொன்னார்: "எனக்கு என்ன சொல்லுவ? லேசாப் பிடி ஆத்தா. அது எங்கயும் ஓடிப்போகாது." சொல்லிவிட்டுப் பல்குச்சி ஒடிக்க வேப்பமரத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

அவர் சொன்னதில் இருந்த விஞ்ஞானம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஓடுகிற சைக்கிள் சாயும்போது முன்சக்கரம் அந்தப் பக்கமே சற்றுத் திரும்பி வண்டியை நிமிர்த்துகிறது. இடம், வலம், இடம் என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் அது திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடக்கூடாது என்று ஹேண்டில்பாரை இறுக்கினால் அந்தத் திருப்பம் நின்றுபோகும், வண்டி விழும். பெரியக்காவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. பலப்பம் ஒடிவதைப் பார்த்தவர், சைக்கிள் விழுவதைப் பார்த்தார். இரண்டும் ஒன்று என்று கண்டுகொண்டார். அவர் பல்குச்சியோடு திரும்பி வரும்போது நான் கண்மாயின் மறுகரையில் இருந்தேன்.

அந்த வருஷம் சைக்கிள் கடைகளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆனால் எங்களில் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளைத் தட்டுப்பாட்டுக்காக மட்டும் வாங்கவில்லை. அதில்தானே நடுவில் பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்க! நான் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் ஜென்ட்ஸ் சைக்கிள்தான். பாரில் துண்டைச் சுற்றி மகளை வைத்துக்கொள்வேன். அவள் வேலை பெல் அடிப்பது. முன்னால் குழந்தை, பின்னால் கேரியரில் குடம் என்று தண்ணீருக்குப் போன பெண்களைப் பார்த்துப் பேசாத வாய் இல்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த பேச்சை இங்கே எழுத முடியாது. பத்துப் பேர் சேர்ந்து போனால் அந்தப் பேச்சு காதில் விழாது. அதனால் பத்துப் பேராகவே போனோம்.

1992 மார்ச் 8, மகளிர் தினம். 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் போனோம். ஓரத்தில் நின்ற கூட்டத்தில் என் கொழுந்தனாரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒளிந்துகொள்ள இடமில்லை, முன்னாலும் பின்னாலும் சைக்கிள். மிதித்துக்கொண்டே போனேன். ஒன்றரை வருஷத்தில் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகவும், அவர்களில் 70,000-க்கும் அதிகமானோர் பொது இடத்தில் ஓட்டிக்காட்டியதாகவும் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பின்னாளில் எழுதினார். அந்த எண்ணிக்கையில் நானும் பெரியக்காவும் இருக்கிறோம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

'தைரியம் உள்ளுக்குள் இருந்து வர வேண்டும்' என்று மேடையில் பேசுகிறார்கள். வாழ்க்கை புரட்டிப்போட்ட பெண்களிடம் அப்படிச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே தேடினால் எனக்கு அன்றைக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. கடன் கொடுக்க ஒரு வங்கி வேண்டியிருந்தது. வாசலில் வந்து கேட்க ஒரு வாத்தியார், கூட வர ஒன்பது பெண்கள் வேண்டியிருந்தது. இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, பிறகு 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அவர் மனவுறுதிக்கு ஈடில்லை. ஆனாலும் அந்தக் கல்லூரிக் கதவு திறக்க மன்னரின் உத்தரவு தேவைப்பட்டது. இரவல் வாங்கிய தைரியமும் தைரியம்தான். பழகப் பழக அது நம்முடையதாகிவிடுகிறது.

எல்லோருக்கும் அது நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடனை மனைவி கட்ட, சைக்கிளைக் கணவன் எடுத்துக்கொண்டு போன வீடுகள் எனக்குத் தெரியும். என் வகுப்பிலிருந்த ஒருத்தி அடி வாங்கிய பிறகு வரவே இல்லை. அவள் வீட்டுக்கு நான் இரண்டு தடவைதான் போனேன். இன்னும் போயிருக்க வேண்டும். இயக்கத்தின் வேகம் குறைந்த பிறகு, வாசிக்க எதுவும் கிடைக்காமல் எழுத்தை மறந்தவர்களும் உண்டு.

1994-ல் அங்கன்வாடிப் பணிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். காலை பஸ் வரவில்லை. அன்னவாசல் ஒன்றிய அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய், மூடுவதற்குள் படிவத்தைக் கொடுத்தேன். அந்த வேலையில் 31 வருஷம் இருந்தேன். மகளைப் படிக்க வைத்தது, அவள் கல்யாணத்தில் ஒதுங்கி நிற்காமல் நானே முன்னால் நின்று தாம்பூலம் கொடுத்தது எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

சென்ற வருஷம் ஓய்வு பெற்றேன். பொறுப்பை ஒப்படைப்பதற்காகப் பழைய பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, 2003-ஆம் வருஷத்துச் சேர்க்கைப் பதிவேடு கையில் வந்தது. பெரியக்காவின் பேத்தி மையத்தில் சேர்ந்த வருஷம். குழந்தையைச் சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிவந்தவர் அவர்தான். கையெழுத்துக் கேட்டபோது, பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதினார். அவர் இறந்து இப்போது பல வருஷம் ஆகிறது. மை மங்கியிருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். கடைசி வரைக்கும் அவர் லேசாகப் பிடிக்கவே இல்லை. ஒவ்வோர் எழுத்தும் அழுந்தி, அடுத்த பக்கத்திலும் தடம் பதிந்திருந்தது.