வகுப்பறைப் பரிகாசமும் மனநோயும்

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்கத்தார் நடத்தும் மனநல மருத்துவமனை, தலைமுறை தலைமுறையாக நோயாளிகளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிவரும் ஸ்தாபனமாயிருந்தும், நம் பள்ளிக்கூடங்களில் அந்த ஊரின் பெயர் ஒரு வசவாகவே வழங்கிவருவது வெட்கத்துக்குரிய விஷயம். காரணம் சொல்லத் தெரியாமல் கண்கலங்கும் பெண்ணையும், மாத்திரையின் அசதியால் மேஜைமீது தலை சாய்க்கும் பையனையும், ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்றும் ‘மெண்டல்’ என்றும் ‘லூசு’ என்றும் சொல்லி வகுப்பு சிரிக்கும்போது, அங்கே நிற்கும் ஆசிரியர் அந்தச் சிரிப்பைத் தடுக்கிறாரா, தாமும் புன்னகைத்துச் சும்மா இருந்துவிடுகிறாரா என்பதைப் பொறுத்தே அப்பிள்ளை சிகிச்சைக்கு வருவதும் வராததும் பெரிதும் நிர்ணயமாகின்றன.

மனநோய்களில் ஏறக்குறைய பாதி பதினான்கு வயதுக்குள்ளாகவே தலைகாட்டத் தொடங்குகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பெங்களூரிலுள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் சராசரியாக மூவர் என்று கொள்ளலாம். பரிகாசம் அம்மூவரில் ஒருவரைக் குறித்து எழுந்ததாயினும், அதைக் கேட்டிருந்த மற்ற இருவரும், தங்கள் சங்கதி ஒருவருக்கும் தெரியலாகாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிடுகிறார்கள். வியாதியைக் குடும்ப அவமானமாக எண்ணி மறைக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீயில் மாண்டபோது நாடு கண்டது.

சட்டமோ மனநோயாளிகளைக் கைவிட்டுவிடவில்லை. 2018 மே 29 முதல் அமலில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளியை உடல் நோயாளிக்குச் சமமாக நடத்தவேண்டுமென்றும், சிகிச்சை பெறுவது அவருடைய உரிமையென்றும், சிகிச்சை தருவோர் அவருடைய அந்தரங்கத்தைக் காக்கவேண்டுமென்றும் விதிக்கிறது. நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கருதவும் அது இடந்தரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் பாரபட்சமின்றிப் பிள்ளைகளைச் சேர்த்து, வேண்டிய சலுகைகளைத் தரவேண்டுமென்கிறது. பலர் காணும் இடத்தில் வேண்டுமென்றே இத்தகையவரை இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம், 2009, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்திருப்பதுடன், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்றும் கூறுகிறது. ஆகையால் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளையின் பெற்றோரிடம், ‘டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் பள்ளிக்குக் கிடையாது.

ஆயினும், பிள்ளைகளின் பரிகாசத்துக்குச் சிறை பரிகாரமாகாது. பரிகாரம் ஆசிரியரின் கையில் இருக்கிறது. ஏளனம் எழுந்த அக்கணமே பாடத்தை நிறுத்தி, இந்நோய் எவருக்கும் வரக்கூடியது, வைத்தியத்தால் தணியக்கூடியது, இதைச் சொல்லி ஒருவரை இகழ்வதற்கு இந்த வகுப்பில் இடமில்லை என்று இரண்டொரு வாக்கியங்களில் நிதானமாக எடுத்துரைத்துவிட்டு மறுபடியும் பாடத்துக்குத் திரும்புவதே உத்தமம். பாதிக்கப்பட்ட பிள்ளையை எழுப்பி நிறுத்தி அனுதாபப் பிரசங்கம் செய்தால் அவமானம் இரட்டிக்கும். இகழ்ந்தவனைப் பிற்பாடு தனியே அழைத்து விசாரிக்கவேண்டும். வீட்டிலோ, ஆசிரியர்கள் வாயிலிருந்தோ கேட்ட சொல்லையே அவன் திருப்பிச் சொல்லியிருக்கக் கூடும். நோயின் விவரத்தை, தெரிந்தே தீரவேண்டியவர்களுக்கு மட்டும், பெற்றோரின் சம்மதத்தோடு தெரிவிப்பதும், மருந்தினால் தூக்கம் வந்தால் சற்று ஓய்வும் தேர்வில் கூடுதல் நேரமும் அளிப்பதும் விவேகமாகும். சாவைப்பற்றிப் பேசும் பிள்ளையைச் சிறிது நேரமும் தனியே விடாமல், பெற்றோருக்குத் தகவல் சொல்லி, அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

சிகிச்சைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். யோசனை வேண்டுவோர் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பள்ளியில் அநீதி நேர்ந்தால் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து, அதன் நகலைப் பத்திரப்படுத்திக்கொள்ளவேண்டும். அங்கே நியாயம் கிட்டாவிடில், மாவட்டக் கல்வி அதிகாரியிடமும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடமும் முறையிடலாம். குழந்தைக்கு உடனடி ஆபத்தென்றால் 1098ஐ அழைக்கலாம்.

சட்டம் எழுதப்பட்டுவிட்டது, மருத்துவமும் இருக்கிறது. அவ்விரண்டையும் அணுகவிடாமல் குழந்தையைத் தடுப்பது நாலு பேரின் சிரிப்பே. அந்தச் சிரிப்பு எழும்போது மௌனமாயிராமல் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்பதே ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் செய்யும் விண்ணப்பம்.