லண்டனில் வாடகை வீடா? சாவி வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு பேப்பர்!

இரண்டு பெரிய சூட்கேஸ்களை இழுத்துக்கொண்டு ஹீத்ரோவிலிருந்து ஈஸ்ட் ஹாம் வந்து சேர்கிறீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ சொன்ன ரூம். நான்கு பேருக்கு ஒரு கிச்சன், ஒரு பாத்ரூம். கிச்சன் சுவரில் அலமாரி மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. அதுதான் பாய்லர். குளிக்க வெந்நீரும், குளிர்காலத்தில் ரூமைச் சூடாக்கும் ஹீட்டிங்கும் அதிலிருந்துதான். வாடகை, அட்வான்ஸ், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் பேசி முடித்தாயிற்று. அந்தப் பெட்டியைக் கடைசியாக எப்போது யார் திறந்து பார்த்தார்கள் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பிரிட்டனில் அதற்கு எழுத்தில் பதில் வாங்க வாடகைதாரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சொல்லப்போனால், நீங்கள் கேட்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. நீங்கள் குடியேறும் முன்பே வீட்டு ஓனர் தானாகக் கொடுத்திருக்க வேண்டும்.

அது என்ன பேப்பர்?

'லேண்ட்லார்ட் கேஸ் சேஃப்டி ரெக்கார்ட்' என்பது அதன் பெயர். பேச்சுவழக்கில் இன்னும் பலர் 'சி.பி.12' என்றே சொல்கிறார்கள். முன்பு கேஸ் மெக்கானிக்குகளைப் பதிவு செய்துவந்த 'கோர்கி' அமைப்பின் 12-ஆம் எண் படிவம் என்பதால் வந்த பெயர் அது. 2009 ஏப்ரலில் கோர்கியின் இடத்துக்கு 'கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்' வந்துவிட்டது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1998-ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளில் 36-வது விதி இதைப் பற்றியது. வாடகைக்கு விட்ட வீட்டில் ஓனர் கொடுத்திருக்கும் ஒவ்வொரு கேஸ் சாதனத்தையும், அதன் புகைக்குழாயையும் 12 மாதத்துக்கு ஒருமுறை, கேஸ் சேஃப் ரிஜிஸ்டரில் பதிவு பெற்ற இன்ஜினீயர் ஒருவர் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்குச் சோதனை முடிந்த 28 நாட்களுக்குள் நகல் தர வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே தர வேண்டும். குறைந்தது 2 ஆண்டுகள் அந்த ரெக்கார்டை ஓனர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். செலவு அவருடையது.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இந்த விதி பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

செக் செய்ய வருபவர் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. புகை சரியாக வெளியே போகிறதா, எரிவதற்குத் தேவையான காற்று கிடைக்கிறதா, கேஸ் அழுத்தம் சரியா, கோளாறு வந்தால் தானாக அணைக்கும் பாதுகாப்பு அமைப்பு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு சாதனமாகப் பார்க்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் 'ஆபத்துக்கு வாய்ப்பு', 'உடனடி ஆபத்து' என்ற இரண்டில் ஒன்றைக் குறிப்பார். அப்படிக் குறித்த சாதனத்தைச் சரி செய்யும் வரை தொடக் கூடாது. ஒரு விஷயம்: பாய்லர் சர்வீஸ் வேறு, சேஃப்டி செக் வேறு. "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணோம்" என்று ஓனர் சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு ரெக்கார்டைக் கேளுங்கள்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி?

கேஸ் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வெடிப்புதான். கசிந்தால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு கதையே வேறு. கேஸ் முழுமையாக எரியாதபோது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும், ஆக்சிஜன் மட்டும் போய்ச் சேராது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், களைப்பு. ஜனவரி மாதம் லண்டனில் இருக்கும் யாருக்கும் இது சாதாரண ஃப்ளூ மாதிரிதான் தோன்றும். ஒரு டோலோவைப் போட்டுக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி, ஹீட்டிங்கைக் கூட்டி வைத்துப் படுத்துவிடுவோம். அங்கேதான் பயமே. தூக்கத்தில் நிலைமை முற்றினால் எழுந்திருக்க நினைவே இருக்காது. வெளியே போனால் சரியாகி, வீட்டுக்கு வந்ததும் தலைவலி திரும்பினாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாமல் போனாலோ பாய்லர் மீது சந்தேகப்பட வேண்டும். நீல நிறத்தில் எரிய வேண்டிய அடுப்பு மஞ்சளாக எரிவது, சாதனத்தைச் சுற்றிக் கரி படிவது, ஜன்னலில் வழக்கத்துக்கு மாறாக நீர் கோர்ப்பது ஆகியவையும் அறிகுறிகளே.

குளிர் காற்று வருகிறதே என்று சுவரில் இருக்கும் வென்டிலேட்டர் ஓட்டையைத் துணியாலோ டேப்பாலோ அடைக்கும் பழக்கம் உண்டு. இன்றைய பாய்லர்கள் பெரும்பாலும் வெளிக்காற்றைத் தனிக் குழாயில் இழுத்துக்கொள்ளும். ஆனால் பழைய மாடல்களும், ஹாலில் இருக்கும் கேஸ் ஃபயரும் ரூம் காற்றைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த ஓட்டையை அடைக்காதீர்கள், ப்ளீஸ்.

1968-ல் ஒரு விடியற்காலை

ஈஸ்ட் ஹாம் இருக்கும் அதே நியூஹாம் பகுதியில், கேனிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. கவுன்சில் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள். ஆட்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 அதிகாலை, 18-வது மாடியில் ஒரு பெண் டீ போட அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி உரசினார். கசிந்திருந்த கேஸ் வெடித்துச் சுவர் பெயர்ந்தது. கட்டிடத்தின் ஒரு மூலை முழுக்கச் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். தீக்குச்சி உரசியவர் உயிர் பிழைத்தார்.

விசாரணையில் கண்டுபிடித்த காரணம், அடுப்பை கேஸ் பைப்போடு இணைக்கும் ஒரு பித்தளை நட். தரமில்லாத நட், உடைந்திருந்தது. கட்டிடமே பலவீனமாகக் கட்டப்பட்டது என்பது தனிக்கதை. கோர்கி அமைப்பு 1970-லும், கேஸ் பாதுகாப்பு விதிகள் 1972-லும் வந்ததற்குப் பின்னால் இந்த விபத்து இருக்கிறது. இன்றைய 1998 விதிகள் அந்த வரிசையில் வந்தவை. இன்று ஈஸ்ட் ஹாமில் இட்லி சாப்பிடப் போகிற நம்மவர்களுக்கு அந்த இடம் சில கிலோமீட்டர்தான்.

இதே நியூஹாம் கவுன்சில்தான் 2013 ஜனவரியில், ஏறக்குறைய எல்லாத் தனியார் வாடகை வீட்டு ஓனர்களும் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. லைசென்ஸ் உள்ள வீட்டில் கேஸ் இருந்தால், ஆண்டுதோறும் கேஸ் சான்றைக் கவுன்சிலிடமும் காட்டியாக வேண்டும்.

"ஓனரை நான் பார்த்ததே இல்லையே?"

நம் மாணவர்கள் பலருக்கும் இருக்கும் சிக்கல் இது. ஓனரிடம் வீட்டை எடுத்தவர் ஒரு அண்ணா. அவர் ரூம் ரூமாக மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார். வாடகை அவர் அக்கவுன்ட்டுக்குப் போகிறது. ஓனர் யாரென்றே தெரியாது. அப்போது கேஸ் செக் யார் பொறுப்பு?

வாடகை வாங்கும் அந்த அண்ணாவுக்கும் பொறுப்பு வருகிறது. அதனால் அசல் ஓனரின் பொறுப்பு போய்விடாது. இருவர் கடமையும் ஒன்றின் மேல் ஒன்று விழலாம் என்பதுதான் பாதுகாப்பு விதிகளை அமல்படுத்தும் எச்.எஸ்.இ. அமைப்பின் விளக்கம். "ஓனர் பாத்துப்பாருப்பா" என்று அண்ணா கை கழுவ முடியாது. ஓனரும் அதே வீட்டில் இருந்துகொண்டு ஒரு ரூமை மட்டும் உங்களுக்கு விட்டிருந்தாலும் செக் கட்டாயம். யுனிவர்சிட்டி ஹாஸ்டலிலும் அப்படியே, அங்கே ஹாஸ்டல் நிர்வாகம்தான் ஓனர் இடத்தில் இருக்கிறது.

நீங்களே வாங்கிக்கொண்டு வந்த கேஸ் அடுப்பு மட்டும் விதிவிலக்கு. அதைச் சோதிப்பது ஓனர் வேலை இல்லை. ஆனால் அதற்கு வரும் பைப் அவர் பொறுப்பு. வீட்டில் கேஸே இல்லை, எல்லாம் கரன்ட் என்றால் இந்தப் பேப்பர் தேவைப்படாது.

பேப்பர் கையில் வந்தால்...

முதலில் தேதி. 12 மாதத்துக்குள் செய்த செக்தானா? அடுத்து முகவரி. உங்கள் வீட்டு நம்பர்தானா, பக்கத்து ஃபிளாட்டா? (சிரிக்காதீர்கள், பல வீடுகள் வைத்திருப்பவரிடம் இது மாறக்கூடியதுதான்.) வீட்டில் இருக்கும் பாய்லர், அடுப்பு, கேஸ் ஃபயர் எல்லாம் பட்டியலில் இருக்கின்றனவா? குறை ஏதாவது எழுதியிருந்தால், அதைச் சரி செய்தார்களா? கடைசியாக இன்ஜினீயரின் பெயர், கையெழுத்து, பதிவு எண். அந்த எண்ணை கேஸ் சேஃப் ரிஜிஸ்டர் இணையதளத்தில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

நேரில் வரும் இன்ஜினீயரிடமும் ஐடி கார்டு கேட்கலாம். கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்று அங்கேதான் இருக்கும். அடுப்பு வேலைக்குத் தகுதி பெற்றவர் பாய்லரைத் தொடத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. செக் செய்ய வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் கதவைத் திறக்க வேண்டும். நைட் ஷிஃப்ட், எக்ஸாம் என்று மூன்று தடவை தட்டிக்கழித்தால் நஷ்டம் நமக்குத்தான். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் அதிகாரத்தை இந்த விதிகள் ஓனருக்குத் தரவில்லை.

அலாரத்தில் இருக்கும் ஓட்டை

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் போல எரிபொருளில் ஓடும் நிலையான சாதனம் உள்ள ஒவ்வொரு வசிப்பறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை ஓனர் வைக்க வேண்டும். கவுன்சில் சொல்லியும் வைக்காவிட்டால் 5,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் கேஸ் அடுப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கச் சமைக்கும் நம்ம வீட்டு கிச்சனில் அடுப்பு மட்டும் இருந்தால் அலாரம் கட்டாயமில்லை! இது எனக்குக் கொஞ்சமும் புரியாத விலக்கு. நீங்களே ஒன்று வாங்கி மாட்டிவிடுவது நல்லது. 'பி.எஸ். இ.என். 50291' என்ற தர எண் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேட்டால் காலி பண்ணச் சொல்வாரா?

பலரும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தப் பயம்தான். இங்கிலாந்தில் காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்ல ஓனர்கள் பயன்படுத்திவந்தது '21-வது பிரிவு' நோட்டீஸ். கேஸ் ரெக்கார்ட் தராதவர் அந்த நோட்டீஸை அனுப்ப முடியாது என்ற தடை இருந்தது. ஆனால் தாமதமாகக் கொடுத்தாலும் போதும் என்று 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதால் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. 2025 அக்டோபரில் சட்டமான வாடகைதாரர் உரிமைச் சட்டம் 21-வது பிரிவையே தூக்கிவிடுகிறது. 2026 மே 1-ஐ அதற்கான தேதியாக அரசு அறிவித்தது.

ஓனரோடு ஒரே வீட்டில் தங்கும் லாட்ஜர்களுக்கு இந்தப் பாதுகாப்பு அவ்வளவாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீடு பார்க்கப் போகும்போதே, பணம் கட்டும் முன்பே ரெக்கார்டைக் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். மற்றவர்கள் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கேளுங்கள். கேட்டதற்கு ஆதாரம் இருக்கும். பதிலே வரவில்லை என்றால் எச்.எஸ்.இ. இணையதளத்தில் புகார் செய்யலாம். செக் செய்யாமல் இருப்பது கிரிமினல் குற்றம், அபராதத்தோடு சிறைக்கும் வாய்ப்புண்டு.

நீங்களே அங்கே வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் தமிழரா? 2018-லிருந்து ஒரு வசதி உண்டு. கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே செக் செய்தாலும், அடுத்த கெடு பழைய தேதியிலிருந்தே கணக்காகும். கடைசி நாள் வரை இழுக்கக் காரணமே இல்லை.

நம்ம ஊரில் எப்படி?

இங்கே சிலிண்டர் கனெக்‌ஷன் பயன்படுத்துபவர் பெயரில் இருப்பதால் வீட்டு ஓனர் பெரும்பாலும் இந்தக் கதையிலேயே வருவதில்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்சி மெக்கானிக் வந்து அடுப்பு, ரெகுலேட்டர், டியூப் எல்லாம் பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிற டியூபின் ஆயுளும் 5 ஆண்டுதான், அதன் மேலேயே தேதி இருக்கும். கசிவு என்றால் 1906.

பிரிட்டனில் கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னல், கதவைத் திறந்து, மீட்டர் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடிவிட்டு வெளியே போய் 0800 111 999-க்கு போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இலவசம். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலும் இதே நம்பர்தான். யாருக்காவது மயக்கம் என்றால் முதலில் 999. குடியேறிய அன்றே அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய லண்டன் வீடுகளில் அது பல சமயம் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் பழைய ஷூவுக்கும் பின்னால் இருக்கும்.