பட்டத்திற்குப் பின்னும் பயிற்சி: எச்.ஐ.வி. நோயும் மனநல ஆராய்ச்சியும்

முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் ஈராண்டோ மூன்றாண்டோ மாணவராக அமரவேண்டிய தேவை என்ன? எச்.ஐ.வி. தொற்றும் மனநலமும் சந்திக்கும் துறையில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆராய்ச்சி மையங்கள் நடத்திவந்த பயிற்சியைக் கருதுவோர்க்கு இவ்வினா இயல்பாக எழும். அறிவைப் பெருக்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்றேயாம். துன்புறுவோர் நம்பி ஒப்புவிக்கும் இரகசியத்தைக் கையேற்கத் தகுதி பெறுதலே அதன் உயிர்நாடி. ஆயர் பணிக்கென அழைக்கப்பெற்றோர் இதனை ஊன்றி நோக்குதல் நலம்.

முதற்கண் நோயின் தன்மையைக் காண்போம். 1981-இல் மருத்துவ உலகம் அறிந்த எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸ் 1983-இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் கண்டறியப்பெற்றது. 1986-இல் சென்னையில் நடந்த பரிசோதனையில் இந்தியாவின் முதல் தொற்றுகள் வெளிப்பட்டன. 1996 முதல் பரவிய கூட்டுமருந்து முறையால் இந்நோய் வாழ்நாள் முழுதும் கட்டுப்படுத்தத்தக்கதாயிற்று. ஆயினும் மருந்தைத் தவறாது எடுத்துக்கொண்டாலன்றி இது கைகூடாது. மனச்சோர்வுற்றவர் மருந்தைக் கைவிடுவதுண்டு. கைவிட்டால் வைரஸ் மீண்டும் பெருகும். தொற்றுடையோரிடையே கடும் மனச்சோர்வு மற்றவரைவிட ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவதை 2001-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டிற்று. அன்றியும், இவ்வைரஸ் தொற்றிய தொடக்க வாரங்களிலேயே மூளையை அடைவதால் நினைவாற்றலும் சிந்தனை வேகமும் குன்றக்கூடும். உடலை ஒருவரும் மனத்தை வேறொருவருமாகப் பங்கிட்டுக்கொள்ளும் முறை இங்கே போதாது.

இத்தேவையையொட்டி 1986-இல் சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் எய்ட்ஸ் தடுப்பாய்வு மையத்தை நிறுவிற்று. 1987-இல் நியூயார்க் மாநில மனநல மருத்துவ நிலையத்திலும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலுமாக எச்.ஐ.வி. மையம் தோன்றிற்று, உளவியலறிஞர் ஆங்கே எர்ஹார்ட் அதன் முதல் இயக்குநர். உளவியல், மானிடவியல், பொதுச் சுகாதாரம் எனப் பல துறைகளில் பட்டம் பெற்றோர் அங்கே மூத்த ஆய்வாளரின் வழிகாட்டுதலில் பயின்றனர்.

இத்தகைய பயிற்சிக்கான அரசு உதவித்தொகைக்கு அடிகோலியது 1974-ஆம் ஆண்டின் தேசிய ஆராய்ச்சிச் சட்டம். அச்சட்டம் பிறந்த சூழல் வேதனைக்குரியது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் ஏறத்தாழ 600 கறுப்பின ஆடவரை அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்ந்துவந்தது. அவர்களுள் 399 பேர் சிபிலிஸ் எனும் மேகநோயுடையோர். அவர்களுக்கு நோயின் உண்மை உரைக்கப்படவில்லை. பெனிசிலின் பயன்பாட்டிற்கு வந்த பின்னரும் அளிக்கப்படவில்லை. 1972-இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய பின்னரே அவ்வாய்வு நின்றது. எனவே 1974-இன் சட்டம் ஆராய்வோர்க்குப் பயிற்சியையும் ஆராயப்படுவோர்க்குப் பாதுகாப்பையும் ஒருங்கே வகுத்தது. டஸ்கீகியில் ஆய்ந்தோர் கல்லாதவரல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

இப்பயிற்சியில் கற்பவற்றுள் மூன்றினை இங்கே குறிப்போம்.

முதலாவது, பகுத்தறிதல். களைப்பு, பசியின்மை, உறக்கமின்மை, எடை குறைதல் ஆகியன மனச்சோர்வின் அறிகுறிகள், எச்.ஐ.வி. நோயும் இவற்றைத் தோற்றுவிக்கும். ஆகவே வினாப்பட்டியலின் மதிப்பெண்ணைக் கூட்டி முடிவு கூறுதல் பொருந்தாது. எதிலும் நாட்டமின்மை, தாம் பயனற்றவர் என்ற எண்ணம், நம்பிக்கையிழத்தல் ஆகியவற்றைத் தனியே எடைபோட வேண்டும்.

இரண்டாவது, வினவுதல். “மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறீர்களா?” என்று கேட்டால், அஞ்சியவர் “ஆம்” என்பார். “நாள்தோறும் உட்கொள்வது பலருக்குக் கடினமாயிருக்கிறது; கடந்த நான்கு நாட்களில் எத்தனை வேளை தவறிற்று?” என்று கேட்டால் உண்மை வெளிவர வழி திறக்கும். வினாவிலேயே தீர்ப்பு அடங்கியிருந்தால் விடை பொய்யாகும்.

மூன்றாவது, இரகசியம் காத்தல். ஆய்வேடுகளில் பெயருக்குப் பதிலாக எண்ணே வழங்கும். உரையாடலைத் தொடங்குமுன் ஒருவரது முழு இசைவைப் பெறுதலோடு, இரகசியத்தின் எல்லையையும் உரைத்தல் வேண்டும்: உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து வெளிப்பட்டால் பிறருதவி நாடப்படும் என்பது முன்னரே அறிவிக்கப்படும்.

இம்மூன்றும் ஆயரின் ஆலோசனை அறைக்கும் உரியவையல்லவா? இந்தியாவில் 2017-இல் இயற்றப்பெற்று 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், நம்பிக்கையின்பேரில் அறிவிக்கப்பட்ட ஒருவரது தொற்றுநிலையை, சட்டம் அனுமதிக்கும் சில சூழல்கள் நீங்கலாக, அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது என விதிக்கிறது. சபையாரின் ஜெபக் குறிப்பில் ஒரு சகோதரியின் பெயரையும் நோயையும் சேர்த்து வாசிப்பது அன்பினால் நேர்ந்ததாயினும், அவர் வேலையையும் உறவையும் இழக்கக் காரணமாகலாம். ஜெபம் ஏறெடுக்கும் நாம் மருந்தை நிறுத்துமாறு ஒருபோதும் கூறலாகாது. கடும் மனச்சோர்வைக் கண்டவிடத்து அதனை விசுவாசக் குறைவென்று கடிந்துரையாமல், மனநல மருத்துவரிடம் உடன்சென்று சேர்ப்பித்தலே கடமை.

இறையியல் பட்டம் பெற்று வெளிச்செல்லும் இளம் ஆயர்கள், தாம் சந்திக்கும் கடினமான நிலைமைகளை, ஆட்களின் அடையாளம் மறைத்து, அனுபவமிக்க மூத்த ஆயருடனும் மனநலப் பணியாளருடனும் திங்கள்தோறும் ஆராய்ந்து பயில ஒழுங்கு செய்தல் நன்று. செலவு சிறிது, அதனால் காக்கப்படும் உயிர் அரியது.