அலைக்கோடு செய்த வேலை

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவிடம் இன்றும் பொத்தான் கைப்பேசிதான். இனிப்புநீர் உள்ளவர். சுங்கைப்பட்டாணியில் அவருக்குக் கண் பரிசோதனைக்கு நாள் கிடைத்திருந்தது. நேரம் மாறியதும் குடும்பப் புலனக் குழுவில் இப்படிப் போட்டேன்:

~10 மணி~ 8 மணி

புலனத்தில் பத்து மணியின் மேல் கோடு விழுந்தது. எல்லாருக்கும் புரிந்தது. அதையே அம்மாவுக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பினேன். அங்கே கோடு விழவில்லை. இரண்டு அலைக்கோடுகள்தாம் நின்றன.

அம்மா ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார். “எட்டுலேருந்து பத்துக்குள்ள வரச் சொன்னேன்னுதான்யா நெனச்சேன்” என்றார். முறை போய்விட்டது. இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையது.

வெறும் எழுத்துக்குத் தடிமனும் சாய்வும் கிடையாது. 2016இல் புலனம் இதற்கொரு வழி தந்தது. சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக்குறி இட்டால் தடித்த எழுத்து, அடிக்கோட்டுக்குறி இட்டால் சாய்ந்த எழுத்து, அலைக்கோடு இட்டால் அடித்த எழுத்து. குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் பலிக்காது. இவை செயலிக்கு நாம் இடும் கட்டளைகள். கட்டளை தெரியாத கைப்பேசியில் வெறும் குறிகளாகவே கிடக்கும்.

தட்டச்சுக் காலத்திலும் இதே சிக்கல் இருந்தது. முக்கியமான சொல்லை அடித்துவிட்டு, பின்னால் வந்து அதன் கீழே கோடு போடுவார்கள். அந்தக் கோடு தாளிலேயே இருந்ததால் யார் கைக்குப் போனாலும் மாறவில்லை.

சாய்வெழுத்து நமக்கு அவ்வளவாகப் பொருந்துவதும் இல்லை. அது ஆங்கில அச்சின் வழக்கம். தமிழ் எழுத்தைக் கணினி பெரும்பாலும் அப்படியே சாய்த்துவிடுகிறது. வயதானவர்கள் வாசிக்கத் திணறுகிறார்கள்.

ஆனால் அழுத்திச் சொல்லத் தமிழுக்குக் குறியே தேவையில்லை. ‘தான்’ இருக்கிறது, ‘ஏ’ இருக்கிறது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் கூறும் ஐந்து பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது உறுதி. ஓலையிலும் தாளிலும் நின்ற அந்த உறுதி, எந்தக் கைப்பேசியிலும் நிற்கும்.

இப்போது இப்படித்தான் அனுப்புகிறேன்: “அம்மா, நேரம் மாறிடுச்சு. 10 மணி இல்லை. 8 மணிக்கே வந்துடுங்க.”

அடுத்த முறை அம்மா ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். தாமதமாகப் போனவன் நான்தான்.