உயர்த்திய ஜீப்பும் ஒடியும் ஷாப்டும்

இடம்பெயர்ந்து கொழும்பில் உறவினரோடு தங்கி, வெள்ளாமைக் காலத்தில் மட்டும் காணிக்குப் போய்வரும் எமது குடும்பங்கள் சில, கூட்டாகக் காசு போட்டுப் பழைய ஜீப் அல்லது பிக்கப் வாங்குகின்றன. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை எங்கோ போய்விட்டது. நகையை அடகு வைத்து வாங்கிய வண்டியை, வயற்பாதைக்கு ஏற்றதாக உயர்த்த வேண்டும் என்று அடுத்து ஓர் ஆசை பிறக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ்ஸிலும், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் உதிரிப்பாகங்கள் கிடைக்கும். எதை வாங்குவது என்று தெரிந்துகொண்டு போவதே முக்கியம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். உயரமான வில்லுத்தகடு பூட்டினால் வண்டியின் உடல்தான் உயரும். அச்சும் அதன் நடுவேயுள்ள டிபரென்சியல் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாரியில் சேற்றை உழுதுகொண்டு போவது அந்த உருண்டைதான். அதை உயர்த்துவது பெரிய ரயர் மட்டுமே. அதிலும் ரயரின் குறுக்களவு 2 அங்குலம் கூடினால் உருண்டை உயர்வது 1 அங்குலம். உழவு இயந்திரத்தின் பின்சில்லு ஏன் அவ்வளவு பெரிது என்பதை எமது விவசாயிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய ரயர் உடலில் உரசாதிருக்கவே வில்லை உயர்த்துகிறோம். அந்த அளவுக்கு மேல் உயர்த்துவது வெறும் அழகுக்கு.

உடல் உயரும்போது கியர் பெட்டியும் அதனோடு உயர்கிறது. அச்சு கீழே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாப்ட் முன்னிலும் செங்குத்தாகச் சாய்கிறது, இரு முனைகளுக்கும் இடையிலான தூரமும் கூடுகிறது. வண்டி குட்டையாக இருந்தால் ஷாப்டும் குட்டை. ஆகவே அதே உயர்த்தலுக்குச் சாய்வு இன்னும் அதிகம். 1948இல் விவசாயிகளை மனதில் வைத்தே சந்தைக்கு வந்த லான்ட் றோவரின் குட்டை வகைகளில் இத்தொல்லை கூடுதலாகத் தெரியும்.

ஷாப்டின் இரு முனைகளிலும் உள்ள குரொஸ் மூட்டுக்கு, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இங்கிலாந்து அறிஞர் றொபேட் ஹூக்கின் பெயரும் உண்டு. அதற்கு ஒரு குணம் இருக்கிறது. வளைந்து சுழலும்போது அது ஒரே சீரான வேகத்தைக் கொடுப்பதில்லை. 20 பாகை வளைவில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் ஏறத்தாழ 6 வீதம் கூடியும் குறைந்தும் வரும். இரு முனைகளின் வளைவும் சமமாக இருந்து, இரு கவைகளும் ஒரே நேரில் இருந்தால், ஒரு மூட்டின் குழப்பத்தை மற்றது ஈடுசெய்துவிடும். உயர்த்தும்போது இந்தச் சமம் குலைந்தால் வண்டி உதறும், குரொஸ் தேயும், ஒருநாள் ஷாப்ட் கழன்று பாதையில் விழும். நெல் மூடையோடு வழியில் நிற்கும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பல்ல.

2 அங்குலத்துக்குள் உயர்த்தினால் பல வண்டிகளில் பழைய ஷாப்டே சமாளிக்கும். அதற்கு மேலென்றால் பின் அச்சுக்கும் வில்லுக்கும் இடையே சரிவான ஆப்பு வைத்து, அச்சின் மூக்கைத் திருப்பிச் சமனாக்கலாம். முன் அச்சில் இதை எண்ணிப் பார்த்தே செய்ய வேண்டும். அச்சைத் திருப்பினால் ஸ்டியரிங்கின் நேர்த்தி கெடும். மற்றொரு வழி, கியர் பெட்டிப் பக்கத்தில் இரட்டைக் குரொஸ் மூட்டுள்ள ஷாப்ட். 1998 முதல் 2004 வரை வந்த இரண்டாம் வகை டிஸ்கவரியின் முன் ஷாப்ட் அத்தகையது. அதைப் பூட்டினால் அச்சின் மூக்கு நேரே கியர் பெட்டியை நோக்க வேண்டும்; பழைய கோணத்தில் விட்டால் பணம் வீண். கிறீஸ் ஏற்ற முடியாத மூட்டை விட நிப்பிள் உள்ளதைத் தேடுவது நல்லது, சேற்றில் ஓடும் வண்டிக்கு.

தடித்த குழாய் பலமானது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தடித்த குழாய்க்கு இடமும் வேண்டும். சட்டத்தின் குறுக்குத் தண்டு, புகைக்குழாய், எண்ணெய்த் தாங்கி ஆகியவற்றில் அது உரசக்கூடும். சமதரையில் நிற்கும்போது உரசாதது, வரம்பில் ஏறி ஒரு சில்லு தொங்கும்போது உரசும். ஆகவே சட்டத்தை ஜக்கால் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, சில்லுகள் தொங்கும் நிலையில் பாருங்கள். ஷாப்டின் நடுவே நீண்டு சுருங்கும் பகுதி அந்நிலையில் கழன்றுவிடக் கூடாது. பாரம் ஏற்றி வில்லு அமுங்கும்போது முட்டவும் கூடாது. பிரேக் குழாய்களும் இழுபடுகின்றனவா என்று கையோடு பார்க்கலாம். வெறும் வண்டியை மட்டும் அளந்து ஷாப்ட் செய்விப்பது அரைவேலை.

உயர்ந்த வண்டி வெள்ளத்தில் போகும் என்ற நினைப்பும் ஆபத்தானது. 2024 நவம்பர் 26இல் காரைதீவில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாடே அறியும். மூடை ஏற்றிய உயர்ந்த வண்டி வரம்பில் எளிதாகக் கவிழும் என்பதும் அதே கணக்கு. மாற்றம் செய்யுமுன் அனுமதி பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய ஷாப்டைக் கையோடு கொண்டுபோங்கள். கழற்றுமுன் இரு பாதிகளிலும் நேருக்கு நேராகப் பெயின்ட் கோடு போட்டால், கவைகள் மாறிப் பூட்டப்படாது. குரொஸின் மையத்திலிருந்து மையம் வரையுள்ள நீளத்தை, வண்டி வெறுமையாக நிற்கும்போதும் பாரத்தோடும் தொங்கவிட்டும் அளந்து, மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். குழாயை வெட்டி ஒட்டியபின் சுழற்றிச் சமநிலை பார்க்கும் பட்டறையில் மட்டுமே வேலையைக் கொடுக்கவும். பார்க்காமல் பூட்டினால், அந்த உதறலைத் திருத்த வன்னியிலிருந்து மீண்டும் கொழும்புக்கே ஷாப்டைச் சுமந்துவர நேரும்.