தராசும் எலும்பும்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் ஒரு தராசு. கூடையின் எடையைக் கழித்துக் கணக்கப்பிள்ளை கிலோவைப் பதிவார். குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். பள்ளிக்கூடம் பார்க்காத அம்மாமாரும் தங்கள் கணக்கை மனதில் வைத்திருந்தார்கள்.

அவர்களைப் போலவே, எழுத்துக்கு வெகுகாலம் முன்பே மனிதர் எண்ணியிருக்கிறார்கள். ஆபிரிக்காவில், கொங்கோவின் இஷாங்கோவில், ஓர் ஏரிக்கரையில் 1950இல் பெல்ஜியப் புவியியலாளர் ஜான் த ஹைன்செலின் ஓர் எலும்பைக் கண்டெடுத்தார். வயது சுமார் 20,000 ஆண்டுகள். மூன்று வரிசைகளில் 168 கீறல்கள். ஒரு வரிசையில் 11, 13, 17, 19: கூட்டினால் 60. இன்னொரு வரிசையும் 60! நிலவின் நாட்களா, வேறு கணக்கா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பைதகரசு தேற்றத்துக்கு முன்பே இதைச் சொல்லித்தர வேண்டும்.