கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகளைச் சுற்றி வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்ப்பார்கள், அடுத்து தொட்டியை, அப்புறம் விளக்கை. குழாய் சாமான் கடைசியில்தான் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் வாங்கினேன். தொட்டி வைத்த முதல் வாரமே நள்ளிரவில் கரண்ட் போனது. விடிந்து பார்த்தால் ஹால் தரை முழுக்கத் தண்ணீர். தொட்டுத் தொட்டுத் தேடினேன். ஒரு இணைப்பிலும் கசிவில்லை. தண்ணீர் நான் போட்டுக் கொடுத்த வழியிலேயே வெளியே வந்திருந்தது.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். அதாவது கால் டன் எடை. இந்த அளவுத் தொட்டிகளுக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் ஒரு சம்ப் வைப்பது வழக்கம். மேல்தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தானாகச் சம்ப்புக்கு இறங்கும். அங்கே பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். சுத்தமான தண்ணீரை மோட்டார் இன்னொரு குழாயில் மேலே ஏற்றும். இறங்குகுழாய், ஏறுகுழாய் என இரண்டே பாதைகள்தான்.

மோட்டார் நின்றதும் ஏறுகுழாயும் இறங்குகுழாய் ஆகிவிடுகிறது. அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், பெட்ரோல் உறிஞ்சி எடுக்கும் டியூப் போலத் தொட்டியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். வாய் வெளியே தெரிந்து காற்று புகும்வரை அது நிற்காது. மேலே சொன்ன தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 5.4 லிட்டர் போய்விடும். என் குழாயின் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தது. 54 லிட்டர் கீழே வந்தால் எந்தச் சின்னச் சம்ப் தாங்கும்? வாயை 3 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தால் 16 லிட்டரோடு முடிந்திருக்கும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையும் போட்டுவிட்டால், காற்று சீக்கிரம் புகுந்து இழுப்பை அறுத்துவிடும். பாசி அடைக்காமல் அதை அவ்வப்போது குத்திவிட வேண்டும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வை ஏறுகுழாயில் போட்டால் போதும் என்பார்கள். அதன் கதவிடுக்கில் ஒரு நத்தையோ மணல் துகளோ சிக்கினால் கதவு மூடாது. அதை மட்டும் நம்பாதீர்கள்.

இறங்குகுழாய் எப்போதும் ஏறுகுழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மோட்டார் தள்ளும் தண்ணீரை அது வெறும் புவியீர்ப்பில் இறக்கியாக வேண்டுமே! 1 இஞ்சுக்குப் பதில் 1.5 இஞ்ச் போட்டால் குழாயின் வாய்ப்பரப்பு 2.25 மடங்காகும். அதன் மேல்முனையில் ஒரு வடிகூடையும் வேண்டும். ஒரே ஒரு இலை அடைத்தால் போதும், மேல்தொட்டி நிரம்பி வழிந்துவிடும்.

கண்ணாடியில் துளையிட்டு மாட்டும் டேங்க் நிப்பிளில், ரப்பர் வாஷர் தொட்டியின் உள்பக்கம், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே உட்கார வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதன்மேல் கால் திருப்பு கொடுத்தால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரியும். டஃபன்ட் கண்ணாடியில் துளையே போடக்கூடாது, மொத்தமாகச் சிதறிவிடும்.

கடையில் 'ஒரு இஞ்ச்' என்று மட்டும் கேட்காதீர்கள். பிளம்பிங் யூ.பி.வி.சி.யில் ஒரு இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., சி.பி.வி.சி.யில் 28.6 மி.மீ. மில்லிமீட்டர் கணக்கில் விற்கும் பி.வி.சி. குழாயோ 32 மி.மீ. ஒன்றின் எல்போ இன்னொன்றின் குழாயில் சரியாக உட்காராது. சால்வென்ட் சிமென்ட் சாதாரணப் பசை போன்றதல்ல. இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவது. இடைவெளி இருந்தால் பிடிக்காது. குழாயையும் பொருத்துகளையும் ஒரே வகையில், அதற்குரிய சிமென்டோடு வாங்குங்கள். ஒட்டியபின் ஒரு நாள் காயவிட்டு, முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

பித்தளை வால்வு வீட்டுக் குழாய்க்கு உறுதியானது, மீன்தொட்டிக்கு ஆகாது. அதிலுள்ள செம்பு தண்ணீரில் கரைந்தால் இறால்களும் நத்தைகளும் முதலில் சாகும். பிளாஸ்டிக் பால் வால்வே போதும். மோட்டாருக்கு அருகில் ஒரு யூனியன் போடுங்கள். இல்லையென்றால் மோட்டாரைக் கழுவ எடுக்கும் ஒவ்வொரு தடவையும் குழாயை அறுக்க வேண்டியிருக்கும். இடமிருந்தால் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி எல்போ போடுங்கள். தண்ணீர் தடங்கலின்றி ஓடும்.

எல்லாம் பூட்டியபின், மீன் விடுவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. தண்ணீர் நிரப்பி மோட்டாரை ஓடவிடுங்கள். ஓட்டம் நிலைத்ததும் சம்ப்பின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, சுவிட்சை அணையுங்கள். சம்ப்பில் ஏறும் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று கடைசிவரை பக்கத்திலேயே இருந்து பாருங்கள். சம்ப்பின் விளிம்புக்குக் கீழே நின்றால், முதலில் போட்ட கோடுதான் மோட்டார் ஓடும்போது சம்ப்பின் எல்லை. அதற்கு மேல் ஒருநாளும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.